கிளாத்தியின் வயிற்றெலும்பு

எவர்சில்வர் தட்டில் மூன்று மீன்கள் கிடந்தன. தலை இல்லை, தோல் இல்லை. வால் மட்டும் இருந்தது. ஐஸ் கரைந்து தட்டின் ஓரத்தில் ரோஸ் நிறத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. வாடை ஃபைல்களில் ஏறிவிடுமென்று உதவியாளர் மின்விசிறியை நிறுத்திவிட்டார். அதனால் வாடை எங்கும் போகாமல் மேசைமேலேயே உட்கார்ந்துகொண்டது.

மேசைக்கு அந்தப் பக்கம் விசாரணை அதிகாரி ஷீபா மேடம். இந்தப் பக்கம் மீன் விற்கும் ஸ்டெல்லா, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு உடுக்கும் நீலப் புடவையில். அவருக்குப் பக்கத்தில் நான், சலவைச் சட்டையில்.

"சார், இது ஏது குடும்பம்?" என்று கேட்டார் மேடம்.

முப்பத்திரண்டு வருடம் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித்தான் நான் சம்பளம் வாங்கினேன். ஆனால் அன்று அந்த அறையில் பதிலுக்குக் கனம் அதிகம். கிளாத்திக் குடும்பம் என்று முடிவானால் ஸ்டெல்லா மறுநாள் காலை சந்தையில் தன் இடத்தில் உட்காரலாம். பேத்தைக் குடும்பம் என்று முடிவானால், இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்த அந்த இடம் போயிற்று. பேத்தை விஷ மீன். அதை விற்றவர் என்று ஃபைலில் ஏறிவிட்டால் நகரத்தின் எந்தச் சந்தையிலும் கூடையை இறக்க முடியாது.

இவ்வளவு கடுமையான விதியை எழுதிய புத்திசாலி யார் என்பதைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன்.

மீன் தின்னாத நிபுணன்

என் ஓய்வூதிய ஃபைல் ஏழு மேசைகளைச் சுற்றி வந்த கதையைப் போன வாரம் படித்த வாசகர் ஒருவர், "கரமனை அக்கிரகாரத்துக்காரர் மீன் அலுவலகத்தில் எப்படி?" என்று கேட்டு எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. என் தகப்பனாரும் கடைசிவரை இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

மருத்துவம் கிடைக்காதவர்களுக்கு விலங்கியல் என்று அந்த நாளில் எழுதாத விதி ஒன்று இருந்தது. பட்டம் கையில் வந்ததும் கண்ணில் பட்ட தேர்வுகளையெல்லாம் எழுதினேன். முதலில் வந்த அழைப்பு மீன் கணக்கெடுக்கும் அலுவலகத்திலிருந்து. நேர்முகத்தில் ஒரு பெரியவர் என் நெற்றி விபூதியைப் பார்த்துவிட்டு, "மீனைத் தொடுவீரா?" என்று கேட்டார். "உத்தரவு கையில் வந்தால் தொடுவேன்" என்றேன். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே எடுத்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

விழிஞ்ஞத்தில் முதல் வேலை. வள்ளங்கள் கரையேறும் இடத்தில் ஒரு ஸ்டூல், ஒரு குடை, ஒரு அளவுகோல், ஒரு இடுக்கி. வந்து இறங்கும் மீன்களைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்து எழுத வேண்டும். கரையில் எனக்கு 'எண்ணுற சாமி' என்று பெயர். இன்றும் அதுதான்.

வீட்டில் ராஜம் எந்த விதியையும் எழுதி வைக்கவில்லை. ஆனால் நான் வாழ்நாளில் பின்பற்றிய நடைமுறைகளிலேயே கண்டிப்பானது அவளுடையது. கொல்லைப்புறத்தில் ஒரு வாளி, சீயக்காய்ப் பொடி, பிழிந்த எலுமிச்சை மூடிகள். தலை முழுகி, கையை முகர்ந்து காட்டிய பிறகே அடுக்களைக்கு அனுமதி. முகர்ந்து பார்ப்பது அவள். மேல்முறையீடு கிடையாது.

முள் எண்ணும் வித்தை

ஒரு மீன் எந்தக் குடும்பம் என்று கண்டுபிடிப்பது குறுக்கு விசாரணை மாதிரி. முதுகில் முள் உண்டா, இல்லையா? உண்டென்றால் எத்தனை? பல் தனித்தனியா, ஒட்டிக்கொண்ட தகடா? ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டே பதில். ஒவ்வொரு பதிலும் அடுத்த கேள்விக்குத் தள்ளிவிடும். பொய் சொல்லாத சாட்சி மீன் ஒன்றுதான்.

கிளாத்தி எனக்குப் பிடித்த சாட்சி. கருநீல உடம்பு, மரப்பட்டை போன்ற தடித்த தோல். முதுகில் மூன்று முள். முதல் முள் நிமிர்ந்துவிட்டால் ஆள் ஏறி நின்றாலும் மடங்காது. பின்னாலிருக்கும் இரண்டாவது சிறிய முள்ளை அழுத்தினால் முதல் முள் தானாகப் படுத்துக்கொள்ளும். எங்கள் இயக்குநரிடம் காரியம் சாதிக்க, அவருடைய நேர்முக உதவியாளரை நான் அணுகிய முறைக்கு இந்த மீன்தான் குரு.

பேத்தை வேறு. முதுகில் முள்ளே கிடையாது. வாயில் மேலே இரண்டு, கீழே இரண்டு என்று தகடு போன்ற நான்கு பல். பயந்தால் தண்ணீரைக் குடித்து உருண்டையாக ஊதிக்கொள்ளும். ஈரலில் விஷம்.

ஒரு மீனைக்கூட நாக்கில் வைக்காமல் இத்தனையும் தெரிந்துகொண்டதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. எந்தப் புத்தகத்திலும் ருசிக்கென்று ஒரு கட்டம் இல்லை என்று ராஜத்திடம் சொல்லியிருக்கிறேன். கிளாத்தியிடமிருந்து பேத்தையைப் பிரிக்க எனக்கு மூன்று விநாடி போதும். தலையும் தோலும் இருந்தால்.

வாசலில் வந்த உத்தரவு

சென்ற மழைக்காலம் முடிந்த சமயம். காலையில் பேப்பரைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"ஏன்னா, வாசல்ல யாரோ வந்திருக்கா. அழறா போலிருக்கு" என்றாள் ராஜம்.

கேட்டுக்கு வெளியே ஸ்டெல்லா. குளச்சலில் பிறந்து விழிஞ்ஞத்துக்கு வாக்கப்பட்டு வந்தவர். நான் ஸ்டூலில் உட்கார்ந்த காலத்தில் இளம் மருமகளாகக் கரையில் மீன் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். இப்போது நகரத்துச் சந்தையில் அவருக்கென்று ஓர் இடம் உண்டு. கையில் ஒரு காகிதத்தை நான்காக மடித்து வைத்திருந்தார்.

"நீங்கதானே சாமி இத எழுதினது?"

வாங்கிப் பார்த்தேன். ஸ்டெல்லாவின் கூடையிலிருந்த மூன்று மீன்கள் கைப்பற்றப்பட்டன, இடம் முத்திரையிடப்பட்டது, ஏழு நாளில் விசாரணை. காரணம்: சுற்றறிக்கையின் நான்காம் விதி. கீழே அந்த விதியை முழுவதும் அச்சடித்திருந்தார்கள். 'தலையும் தோலும் நீக்கி விற்கப்படும் மீன், வேறென நிரூபிக்கப்படும்வரை பேத்தைக் குடும்பத்தைச் சேர்ந்ததாகவே கொள்ளப்படும்.' அதற்கும் கீழே, வரைந்தவர் என்ற இடத்தில், என் பெயர்.

ஆம். அந்தப் புத்திசாலி நான்தான்.

என்றைக்கோ ஒருநாள், எங்கேயோ ஒரு கரையில் பேத்தையைத் தின்று சிலர் படுத்துவிட்டதாகச் செய்தி வந்தது. மாலைக்குள் ஒரு விதி வேண்டும் என்று மேலிடம் கேட்டது. நான் நாற்காலியில் சாய்ந்து யோசித்தேன். ஒரு மீனின் தலையை வெட்டி, தோலையும் உரித்து ஒருவர் ஏன் விற்க வேண்டும்? அடையாளத்தை மறைக்கத்தான். இரண்டு தோசை ஆறுவதற்குள் விதி தயாராகிவிட்டது. மேலிடம் பாராட்டியது. பிறகு வழக்கப்படி எல்லோரும் மறந்தார்கள். இந்த வருடம் சந்தைக்குப் புதிதாக ஒரு ஆய்வாளர் வந்தார். சுற்றறிக்கைகளைப் படிக்கும் பழக்கம் உள்ளவர். அலுவலகங்களில் இது அபாயமான பழக்கம்.

"இது கிளாத்தி சாமி. தோல உரிக்காம கிளாத்திய யாரு வாங்குவா? பலகை மாதிரி இருக்கும். தலையோட சேத்து இழுத்தாத்தான் தோலு வரும். கரையில வச்சே உரிச்சு, வெள்ளையா ஆக்கித்தான் கொண்டு போறது."

"தலை ஏதாவது மிச்சம் இருக்கா?"

"அதெல்லாம் அண்ணைக்கே காக்கா கொண்டு போச்சு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சந்தையில இப்ப எனக்கு வெசமீன் ஸ்டெல்லான்னு பேரு. எனக்க மக வீட்டுக்காரங்களே போன் பண்ணிக் கேக்கிறாங்க. எடம் போனா நான் எஞ்ச போய் இருப்பேன்?"

ராஜம் உள்ளேயிருந்து மோர் கொண்டுவந்து கொடுத்தாள். என் பக்கம் திரும்பினாள்.

"இதை எழுதறதுக்கு முன்னாடி, தோலுரிச்சு விக்கற வழக்கம் உண்டான்னு ஒரு மீன்காரியைக் கேட்டேளா?"

"கேக்கலை."

"உங்களுக்குத் தெரியாது, சரி. ஆபீஸ்ல மீன் திங்கறவா யாருமே இல்லையா?"

ஒன்பது பேர் இருந்தார்கள். அவர்களையும் நான் கேட்கவில்லை. நிபுணன் நான் அல்லவா.

எலும்பை எப்படி எழுதிக் கொடுப்பது?

இரண்டு நாள் புத்தகங்களைப் புரட்டினேன். முதுகு முள், பல், செதில், வாய். எல்லாக் கேள்விகளும் தலையிலோ தோலிலோ போய் நின்றன. மூன்றாம் நாள் விழிஞ்ஞத்துக்குப் பஸ் ஏறினேன்.

கரை அதேதான். பின்னால் துறைமுகத்தின் ராட்சதக் கிரேன்கள் வானத்தைப் பாதி மறைத்து நின்றன. ஸ்டூல் போட்ட இடத்தில் இப்போது தெர்மோகோல் பெட்டிகள். ஸ்டெல்லா குத்துக்கல் மாதிரி உட்கார்ந்து கிளாத்தி உரித்துக்கொண்டிருந்தார். தலைக்குப் பின்னால் கத்தியால் ஒரு கீறல், வயிற்றோரம் ஒரு கீறல், பிறகு ஒரே இழுப்பு. காலுறையைக் கழற்றுவது போல தோல் தலையோடு வந்துவிட்டது. இடுக்கியோடு குனிந்து பார்த்தேன். என் கேள்விகள் எல்லாமே அந்தத் தோலோடு குப்பைக் கூடைக்குப் போயின.

"என்ன சாமி, மொகம் வாடிப்போச்சு?"

"தலையும் தோலும் போயிட்டா எனக்கு இது எதுன்னு சொல்லத் தெரியல, ஸ்டெல்லா."

உரித்துக்கொண்டிருந்த கை நின்றது. என்னை ஏற இறங்கப் பார்த்தார். பக்கத்தில் வலை உதறிக்கொண்டிருந்த தன் கொழுந்தனைக் கூப்பிட்டு, வலையில் விழுந்த பேத்தை ஒன்றை எடுத்துவரச் சொன்னார். கையில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு அதையும் உரித்துக் குடலை நீக்கி, கிளாத்தியின் பக்கத்தில் வைத்தார். இரண்டும் வெள்ளை. இரண்டும் மொழுக்கை. என் கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள்.

"இஞ்ச வைங்க வெரல. அந்த இடுக்கி வேண்டாம் சாமி, வெரல."

கையுறை போட்டுக்கொண்டு கிளாத்தியின் அடிவயிற்றோரம் விரலை வைத்தேன். கழுத்துப் பக்கத்திலிருந்து பின்னோக்கி, பென்சில் போல நீளமாக ஒரு ஒற்றை எலும்பு ஓடியது. நுனியில் ஒரு சொரசொரப்பு.

"இப்ப பேத்தைய பாருங்க."

தடவினேன். சதை. இன்னும் தடவினேன். சதைதான். எலும்பே இல்லை.

"எலும்பு இருந்தா அது எப்படி ஊதும்?" என்றார் ஸ்டெல்லா. "பலூனுக்குள்ள கம்பு வச்சா ஊதுமா? கிளாத்திக்கு அந்த எலும்ப நாங்க எடுக்கிறதும் இல்ல. அது நிண்ணாத்தான் கொழம்புல மீன் ஒடையாது."

அந்தக் கணத்தில் பாடப்புத்தகத்தின் பக்கம், வலது மூலையிலிருந்த மசிக்கறை உட்பட, எனக்கு முன்னால் திறந்துகொண்டது. பேத்தைக் குடும்பம்: இடுப்பெலும்பு இல்லை. கிளாத்திக் குடும்பம்: இடுப்பெலும்பு ஒன்றாக இணைந்து வயிற்றோரம் நீண்டது. பயிற்சிக்கு வந்தவர்களுக்கெல்லாம் மூச்சு விடாமல் இதை ஒப்பித்திருக்கிறேன். ஒரு மீனின் வயிற்றைக்கூட விரலால் தொட்டுப் பார்த்ததில்லை. முதுகிலேயே முள் எண்ணி வேலை முடிந்துவிடுகிறபோது வயிற்றுக்கு எதற்குப் போக வேண்டும்?

"இத அந்த ஆய்வாளர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேனே. 'எதானாலும் எழுதிக் குடு'ன்னாரு. எலும்ப எப்படி சாமி எழுதிக் குடுக்கிறது?"

"அது எனக்குத் தெரியும்" என்றேன். ஓய்வு பெற்ற பிறகு இவ்வளவு நிச்சயமாக நான் எதையும் சொன்னதில்லை.

ஐந்தாம் பக்கம்

மறுபடி விசாரணை அறை. "இது ஏது குடும்பம்?" என்ற கேள்வி இன்னும் மேசைமேல் இருக்கிறது.

ஷீபா மேடம் பாறசாலைக்காரர். அவருடைய தமிழ் மலையாளத்தில் நன்றாக ஊறியது. நேர்மையானவர். அதுதான் சிக்கல்.

"சார், உள்ளது சொல்லாம். இதைக் கண்டாலே எனக்குத் தெரியும், இது கிளாத்திதான். எங்க வீட்டுல பிள்ளைகளுக்கு ஃப்ரை பண்ணிக் குடுக்கிறேன். பட்சே அது என் சொந்த அபிப்ராயம் அல்லே? ஃபைல்ல எழுதக் கூடாது. விதி பேத்தைன்னு சொல்லுது. சார் எழுதின விதி."

"சுற்றறிக்கையின் ஐந்தாம் பக்கம் பாருங்க மேடம்."

புரட்டினார். நான்கு பக்கம் வரை ஓரம் அழுக்கேறியிருந்தது. ஐந்தாவது வெள்ளை வெளேரென்று இருந்தது. அங்கே ஒரு துணை விதி: கைப்பற்றிய மீனை, சந்தேகிக்கப்படும் குடும்பத்து மீனோடு தம் முன்னிலையில் ஒப்பிட வேண்டுமென்று உரியவர் கேட்டால், அதிகாரி ஒப்பிட்டே ஆக வேண்டும். என்ன ஆனாலும் ஒருவரும் கேட்கப்போவதில்லை என்ற தைரியத்தில் எழுதியது.

"நான் கேக்கிறேன்" என்றார் ஸ்டெல்லா. நான் சொல்லிக்கொடுத்ததைவிட உரக்கவே கேட்டார்.

காலுக்கடியிலிருந்த டின்னைத் திறந்தேன். ஐஸுக்குள் பேத்தை, முழு மீன், தலையும் தோலுமாக. உதவியாளர் நாற்காலியை இரண்டடி பின்னால் தள்ளிக்கொண்டார்.

"விஷமல்லே சார் இது?"

"தின்னால்தான் மேடம். ஃபைலுக்கு ஒண்ணும் ஆகாது."

முதலில் அதன் நான்கு பல்லையும் முள்ளில்லாத முதுகையும் மேடத்துக்குக் காட்டினேன், பேத்தைதான் என்று பதிவு செய்ய. பிறகு கத்தி ஸ்டெல்லாவிடம் போனது. எழுபது எண்ணுவதற்குள் பேத்தை தோலில்லாமல், தலையில்லாமல், சுத்தமாகத் தட்டில் நான்காவது மீனாகப் படுத்திருந்தது. நான்கையும் பார்த்த உதவியாளர், எது எதுவென்று தெரியாமல் விழித்தார். எனக்குப் பெரிய ஆறுதல்.

"இஞ்ச வெரல வைங்க மேடம்" என்றார் ஸ்டெல்லா.

மேடம் கையுறையை மாட்டினார். முதல் மீன். விரல் நின்றது. "உண்டு." இரண்டாவது. "உண்டு." மூன்றாவது. "இதிலயும் உண்டு." நான்காவதில் விரல் முன்னும் பின்னும் போய் வந்தது. ஒரு முறை, மறுமுறை. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை.

"இல்ல" என்றார். "சார், இங்க ஒண்ணுமே இல்ல."

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்த ஸ்டெல்லா அப்போதுதான் முதுகைச் சாய்த்தார்.

இடுப்பெலும்பைச் சொல்லும் பாடப்புத்தகப் பக்கத்தின் நகலை, சான்றொப்பம் பெற்று, மேசையில் வைத்தேன். கூடவே இன்னொரு மனு, மூன்று பிரதி. நான்காம் விதியைத் திருத்தவும், தோலுரித்த மீனுக்கு வயிற்றெலும்புப் பரிசோதனையைச் சேர்க்கவும் கோரியது. 'பிழைக்குப் பொறுப்பானவர்' என்ற இடத்தில் என் பெயரையே எழுதியிருந்தேன்.

மேடம் அதை இரண்டு தடவை படித்தார். "சொந்தப் பேருக்கு எதிரா மனு குடுக்கிற ஆளை முதல் தடவை காணுறேன் சார்."

"உரிய வழியில் கொடுத்திருக்கேன் மேடம். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வேணும்."

கடைசிக் கட்டம்

மேடம் உத்தரவை எழுதத் தொடங்கினார். மூன்றும் கிளாத்திக் குடும்பம். முத்திரை இன்றே நீக்கப்படும். சந்தை வாசலில் உத்தரவின் நகல் ஒட்டப்படும். அந்த வரியை எழுதச் சொல்லிக் கேட்டது நான். வெசமீன் என்ற பேச்சுக்குப் பசை தடவிய பதில் வேண்டும்.

படிவத்தின் அடியில் ஒரு கட்டம்: 'குடும்பத்தை அடையாளம் கண்டவர்.' மேடத்தின் பேனா என் பெயரின் முதல் எழுத்தைத் தொட்டது.

"நான் இல்லை மேடம். ஸ்டெல்லா."

பேனா நின்றது. "சார், கேஸே அவங்க பேருல அல்லே?"

"அடையாளம் காண, உரியவர் தாம் விரும்பும் தகுதியுள்ள ஒருவரை நியமிக்கலாம்னு அதே அஞ்சாம் பக்கத்துல இருக்கு. தன்னையே நியமிக்கக் கூடாதுன்னு இல்ல."

"தகுதின்னா என்னன்னு எங்கேயாவது உண்டா?"

"இல்லை. எழுத விட்டுப்போச்சு."

"சார் நிறைய விட்டிருக்கு, கேட்டோ."

"அதுல ஒண்ணாவது உபயோகப்படட்டும்."

மேடம் முதன்முறையாகச் சிரித்தார். படிவத்தை ஸ்டெல்லாவின் பக்கம் திருப்பினார். ஸ்டெல்லா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, எழுத்து எழுத்தாக, கட்டத்தைத் தாண்டாமல் தன் பெயரை எழுதினார். பக்கத்துக் கட்டம் காலியாக இருந்தது.

"தகுதின்னு என்ன எழுதணும்?" என்று கேட்டார் மேடம்.

ஸ்டெல்லா என்னைப் பார்த்தார். எனக்குப் பொருத்தமான மூன்று சொற்றொடர்கள் தயாராக இருந்தன. அபூர்வமாக அன்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"தின்னிருக்கேன்னு எழுதுங்க மேடம்" என்றார் ஸ்டெல்லா.

மேடம் என்னிடம் திரும்பினார். விதியில் தடை ஏதும் இல்லை என்று சொன்னேன். அவர் அப்படியே எழுதி, முத்திரையைக் குத்தினார்.

என் பெயருக்குப் பின்னால் இரண்டு பட்டங்கள் உண்டு. அந்த ஒரு தகுதி கிடையாது. ஆகவே ஸ்டெல்லாவின் கையெழுத்துக்குக் கீழே, சாட்சி என்று அச்சடித்திருந்த இடத்தில், என் பெயரை எழுதிக்கொடுத்தேன்.